மரியான் பேரில் இருந்த வண்டி

18 ஜனவரி 2025

இன்றும் விழுந்தேன். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்தில், சரிவைப் படிபடியாக வெட்டிய தட்டுகளில் இரண்டாவதில் திரும்பும்போது. சருகு உதிர்ந்து கிடக்கிற மாதம், தரை சோப்பு மாதிரி. சித்தி மகன் லிஜினின் வண்டி நூற்று அறுபது கிலோ. என்னால் தூக்க முடியாது. அவன் மரத்தில் சாய்ந்து நின்று ஆசைதீரச் சிரித்துவிட்டுத்தான் வந்தான்.

"ஏட்டி, நீ வண்டிய ஓட்டுகியா, வண்டி ஒன்ன ஓட்டுகா?"

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போவேன். வாரம் முழுக்கத் தக்கலையில் வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து அடுத்தவர் சண்டையை மனுவாக எழுதுகிறேன். மரங்களுக்கு நடுவே கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் தலைக்குள் ஒரு வாக்கியமும் இல்லை.

எனக்கென்று ஒரு வண்டி வேண்டும்.

22 ஜனவரி

நாகர்கோவிலில் மூன்று ஷோரூம் ஏறி இறங்கினேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம்; எல்லாவற்றிலும் கால் தொங்குகிறது. விற்கிறவர் பவரைப் பற்றியே பேசினார். நாலடிக்கு ஒரு மரம் நிற்கிற இடத்தில் பவரை வைத்து என்ன செய்ய? நடக்கிற வேகத்தில் அணையாமல் இழுக்க வேண்டும். ஹேண்டில் முழுசாகத் திரும்ப வேண்டும். சரிவில் நின்றால் ஒரு காலாவது ஊன்ற வேண்டும். விழுந்தால் நானே தூக்கி நிறுத்த வேண்டும்.

அம்மா இதைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்குக்கூட நீ இவ்வளவு நிபந்தனை போடல்லியே" என்றாள்.

2 பிப்ரவரி

கிடைத்துவிட்டது!

குளச்சலுக்கு அடுத்த கடற்கரை ஊரில் ஒரு வீடு, லிஜின்தான் கூட்டிப்போனான். கம்பெனி நிறுத்திவிட்ட நூற்றைம்பது சிசி டிரெயில் வண்டி. லிஜினுடையதைவிட இருபத்தைந்து கிலோ குறைவு. தார்ப்பாயை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஹேண்டில். இரண்டு நுனியையும் ஒன்றரை அங்குலம் அறுத்து எடுத்திருந்தார்கள், மரங்களுக்கு இடையே நுழைவதற்காக. சீட்டுப் பஞ்சையும் செதுக்கி இறக்கியிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில்.

"எனக்க மவன் மரியானுக்க வண்டி" என்றார் ரீத்தா அம்மா. "கடல்ல கெடக்கவனுக்கு மலையிலதான் கொதியும் ஆசையும். கரைக்கு வந்தா ஒரு நாளு வீட்ல இருக்கமாட்டான்."

ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உப்புக்காத்து இரும்பத் திங்குது மக்கா. அவன் வந்து பாத்தா என்ன வைவான். நீ மலைப்பக்கம் கொண்டு ஓட்டு."

அவர் எங்கே? "தங்கலுக்குப் போயிருக்கான்." நாள் கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தெருமுனை தாண்டிய பிறகு லிஜின் சொன்னான்: போய் ஒன்பது வருடம். விசைப்படகில் எட்டுப் பேர். படகும் வரவில்லை.

9 பிப்ரவரி

ஆர்.சி. புத்தகம் மரியான் பேரில். பேர் மாற்ற இறப்புச் சான்றிதழ் வேண்டும். மற்ற ஏழு வீட்டாரும் ஏழு வருடம் முடிந்ததும் கோர்ட்டில் மனு கொடுத்து வாங்கிவிட்டார்கள். ரீத்தா அம்மா மட்டும் அந்த மனுவில் ஒப்புப் போடவில்லை.

லிஜின் சொல்கிறான்: "ஆருட்டி பேரு மாத்துகா? பத்து வண்டில அஞ்சு பழைய ஆளுக்க பேருலதான் ஓடுகு. சாவிய வாங்கிட்டு வா."

அது எப்படி முடியும்? நாளைக்கு ஒரு விபத்து என்றால்? இன்ஷூரன்ஸ்? அப்படி ஓட்டி மாட்டிக்கொண்டவர்களின் வழக்குகளைத்தானே தினமும் டைப் செய்கிறேன். நான் சொல்வது சரி. சரிதான்.

16 பிப்ரவரி

ரீத்தா அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "வெறும் காகிதம்தான் அம்மா" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு மாறினாத்தான் ஓட்டுவியா?"

"ஆமா."

"ஓட்டாமப் போட்டா நாசமாப் போயிரும்லா?"

"ஆமா."

"அப்பம் எழுது."

4 மார்ச்

ஆபீசில் வைத்து மனுவை வாசித்துக் காட்டச் சொன்னார் ரீத்தா அம்மா. வாசித்தேன். 'மேற்படி மரியான் உயிருடன் இருந்தால் அவரைப் பற்றி இயல்பாக அறிந்திருக்கக்கூடியவர்கள் எவரும் ஏழு வருடங்களுக்கும் மேலாக அவரைப் பற்றிக் கேள்விப்படவில்லை.' எத்தனை மனுக்களில் எழுதின வரி! ஒரு தாயின் முகத்துக்கு நேராக வாசித்ததில்லை.

"இயல்பா அறியவேண்டியதுண்ணா ஆரு, நானா?"

"ஆமா அம்மா."

"காணல்லண்ணு மட்டும் எழுதினா ஒத்துக்கிடமாட்டாவளா?"

"மாட்டாங்க அம்மா."

பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். ரீ. த். தா. முடித்ததும் பேனாவைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில் வரும்போது ஒண்ணும் ஓடல. என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? ஒரு வண்டிக்கா? மரத்துக்கு நடுவுல எனக்கு ஒரு மணி நேரம் நிம்மதி வேணும்னு, அந்த அம்மாவ —

6 மார்ச்

ஆபீஸ் முடிந்து நேரே போனேன். வண்டி வேண்டாம், மனுவைக் கிழித்துவிடலாம் என்றேன். ரீத்தா அம்மா முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ கிழிச்சா நான் ஒப்புப் போட்டது இல்லண்ணு ஆவுமா?"

கழுவின தண்ணீரை முற்றத்தோரம் கொட்டினார்.

"போ பிள்ளே. கொண்டு குடு."

7 மார்ச்

கோர்ட்டில் கொடுத்துவிட்டேன்.

21 ஜூலை

தீர்ப்பு வந்தது. மற்ற குடும்பங்களின் தீர்ப்புகள் முன்னால் இருந்ததால் இழுக்கவில்லை. எதிர்க்க ஆளில்லாத வழக்கு.

13 ஆகஸ்ட்

சான்றிதழ் கைக்கு வந்தது. இறந்த நாள் என்ற இடத்தில் 07.03.2025.

எப்போது இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லையென்றால், மனு தாக்கலான நாளைப் போடுவது உண்டு. தெரியும். பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காகிதப்படி, மார்ச் ஆறாம் தேதி வரை மரியான் உயிரோடு இருந்திருக்கிறான். மறுநாள் காலை நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கோர்ட் படி ஏறியிருக்கிறேன்.

வெறும் காகிதம்தான்.

14 ஆகஸ்ட்

ரீத்தா அம்மாவுக்குத் தேதியை வாசித்துக் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. சாவியைத் தந்தார். "டயரு மாத்திக்க மக்கா, காத்து நிக்காது" என்றார்.

6 செப்டம்பர்

பேர் மாறிவிட்டது. டயர் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, இன்று தோட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

இவ்வளவு நல்ல வண்டியாக இல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் கியரில், மூச்சு விடுகிற மாதிரி, அணையாமல் ஏறியது. மரங்களில் கட்டியிருந்த பால் சிரட்டைகளில் இடிக்காமல் ஹேண்டில் நடுவே நுழைந்தது. மூன்றாவது தட்டில் விழுந்தேன். நானே தூக்கி நிறுத்தினேன்! சத்தமாகச் சிரித்துவிட்டேன். லிஜின் கைதட்டினான்.

பிறகு வண்டியை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். அவன் முதலில் புரியாமல், "கால்ல அடி கொண்டதா ஏட்டி?" என்று கேட்டான். பிறகு தள்ளிப் போய்விட்டான்.

27 செப்டம்பர்

போகவில்லை. மழை என்று சொன்னேன். மழை இல்லை.

14 அக்டோபர்

மதியம் ரீத்தா அம்மா ஆபீசுக்கு வந்தார். தாலுகா ஆபீசுக்கு வந்தாராம், அப்படியே ஏறினாராம். கைப்பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து மேசையில் வைத்தார். எண்கள் தேய்ந்து வெள்ளையாக இருந்தன.

"இதுல காசு ஏத்தித் தா மக்கா. எப்பளும் ஏத்துகவன் கடையப் பூட்டிட்டுக் கேரளாவுக்குப் போயிட்டான்."

அவர் மடியில் வேறொரு போன் இருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த பெரிய போன்.

"இது எதுக்கு அம்மா, ரெண்டு?"

"அவனுக்குக் காணாப்பாடமாத் தெரிஞ்ச நம்பரு இது ஒண்ணுதானே. எந்தக் கரையில ஏறினாலும் இதுக்குத்தான விளிப்பான்."

என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பீரோவில், மூன்றாவது தட்டில், அவன் சான்றிதழின் நகல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளைக்கு ஏத்த அம்மா?"

"கூடினது எம்புட்டு உண்டு?"

"ஒரு வருஷம்."

"அத ஏத்து."

ஏற்றினேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது. அவர் சட்டென்று எடுத்துத் திரையைப் பார்த்தார். பணம் ஏறிய செய்திதான். அதை மூடி, முந்தானையால் துடைத்து, பைக்குள் வைத்தார்.

"அடுத்த வருஷம் முடியதுக்கு முன்ன நீ ஞாவகமா ஏத்திரணும், கேட்டியா? எனக்கு மறதி வருது."

சரி என்றேன்.