எனக்குக் கேட்காத சத்தம்

பிப்லியான்,
ஆகஸ்ட் 14.

அன்பு மகள் நூபேவுக்கு அப்பா எழுதுவது. நீ ஸ்பெயினில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இங்கே தினமும் வேண்டிக்கொள்கிறோம். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், குளிர் கூடினால் அவளுக்கு முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, பால் வீட்டுக்குப் போக மிஞ்சுகிறது. கடிதத்தை உன் ஊருக்கே வேலைக்கு வரும் வின்செந்தாவிடம் கொடுத்தனுப்புகிறேன், அம்மா வறுத்து அரைத்த பார்லி மாவும் பையில் இருக்கிறது, ஈரம் படாமல் வைத்துக்கொள். அப்பா எதற்குத் திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வண்டியின் கதையிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுமையாகப் படி.

நம் பிக்கப்பில் சந்தைக்கு வருகிற பாலாடைக்கட்டிக்கார சோய்லாவை உனக்குத் தெரியும், அவள் வாயும் தெரியும். கூடைகளோடு பின்பலகையில், சரியாகப் பின் அச்சுக்கு மேலேதான் உட்காருவாள். போன மாதம் சந்தையில் இறங்கியதும் நேரே என் கதவுக்கு வந்து, "யோவ் ரிகொபெர்த்தோ, மூணு வாரமா என் இடுப்புக்குக் கீழ யாரோ சம்மட்டியால அடிக்கிறான். உனக்குக் காதுல என்ன, சோளத்தை அவிச்சு அடைச்சு வச்சிருக்கியா?" என்றாள். நானும் விடாமல், "கேட்டுச்சு தாயே, பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து டயரைப் பார்ப்பதுபோல நின்றேன். கொஞ்ச நேரத்தில் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். முகத்துக்கு நேரே நின்று, "வண்டி தீப்பிடிச்சிடுச்சுன்னு உன் முதுகுக்குப் பின்னால ரெண்டு தடவை கத்தினேன். நீ 'ஆகட்டும்'ங்கறே. எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள். சுற்றி ஆட்கள் இருந்தார்கள், ஆனால் இதை மட்டும் மெதுவாகத்தான் கேட்டாள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். ஆமாம் மகளே, அப்பாவுக்கு இரண்டு வருஷமாகக் காது போய்க்கொண்டே இருக்கிறது. வலதில் ஒன்றுமே இல்லை, இடதில் கொஞ்சம். ஓட்டுநர் வேலை போய்விடும் என்ற பயத்தில் உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

டவுன் பட்டறையில் ஒருவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு பின் அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி, அந்த டிஃபரன்ஷியல், போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்று கையை விரித்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை சோய்லா தானாகவே வீட்டுக்கு வந்து, "எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, காது இருக்கு. உனக்குக் காது இல்ல, கை இருக்கு. ஏறு வண்டியில" என்றாள். அவள் பின்னால் உட்கார்ந்து சத்தம் வரும்போதெல்லாம் கையைத் தூக்குவது, நான் கண்ணாடியில் பார்ப்பது என்று பேச்சு. மைதானத்தைச் சுற்றினோம். பள்ளத்தில் இறக்கினேன், கை எழவில்லை, அப்படியென்றால் பட்டை ஸ்பிரிங் இல்லை. நிறுத்தி முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன், கை எழுந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எழுந்தது, ரிவர்ஸ் போட்டால் இரண்டு கையையும் தூக்கினாள். இழுவை மாறும்போதெல்லாம் அடி விழுகிறது என்று தெரிந்துவிட்டது. டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்தேன், இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை, அப்படியென்றால் கோளாறு அதிலும் இல்லை. பிறகு முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்துப் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, அடியில் படுத்து, இன்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற ஷாஃப்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். பின் முனையில் அதை அச்சோடு இணைக்கிற கிராஸ் என்ற சிலுவைத் துண்டு ஆடுகிற பல்லைப் போல ஆடியது, சிவப்பாகத் துருத்தூள் முகத்தில் கொட்டியது. நூபே, அப்படியே படுத்துக்கொண்டு யோசித்தேன். வாரம் இரண்டு தடவை பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற இறக்கத்தில் இறங்கியிருக்கிறேன். ஷாஃப்ட் ஓட்டத்தில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே நினைத்துப்பார்.

சாக்பீஸால் அடையாளம் போட்டு ஷாஃப்டைக் கழற்றினேன். பழைய கிராஸுக்குள் ஊசிபோல மெல்லிய உருளைகள் பொடியாகியிருந்தன. புதியதை மாட்டும்போது மூடி முழுதாக இறங்கவில்லை, உள்ளே ஓர் ஊசி சாய்ந்துவிட்டது, என் தடித்த விரலுக்கு அது எட்டவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, கிரீஸைத் தொட்டுத் தொட்டு ஒவ்வோர் ஊசியாக நிற்க வைத்தாள். அப்போதுதான் அவளிடம் என் காதைப் பற்றிச் சொன்னேன். அவள் நிமிராமலே ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. சோய்லா என் பக்கம் திரும்பி, வாயசைவு தெரியும்படி, "அவளுக்குப் போன வருஷமே தெரியுமாம்டா மடையா, நீயா சொல்லட்டும்னு இருந்தாளாம்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம், எனக்குக் கண் கலங்கியது, கிரீஸ் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன். மாட்டி முடித்து மறுபடி மைதானத்தைச் சுற்றினோம். கண்ணாடியில் சோய்லாவின் கை மடியிலேயே இருந்தது. ஒரு தடவை எழுந்தது, பதறிப் பிரேக் போட்டால் தொப்பியைச் சரிசெய்கிறாளாம். இந்த இரண்டு பெண்களுக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வண்டியைச் சரி பண்ணிட்டே. மகளுக்கு எழுது. எழுதலேன்னா நான் வேற வண்டி பார்த்துக்கறேன்."

எழுதிவிட்டேன், இனி மறைக்க ஒன்றுமில்லை. பிப்ரவரியில் நீ போனில் உன் கணவர் எஸ்தெபான் உன்னை உதறிவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறாய். எனக்கு அவர் பெயர் மட்டும்தான் கேட்டது. ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து, ரொம்ப சந்தோஷம், அவருக்கு என் அன்பைச் சொல் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவன் நான்தானே, குத்திக்காட்டுகிறேன் என்று நீ எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. ஒரு வாரம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அப்போதும் காது கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வாய் வராமல், உன்னைக் கோபத்தோடு இருக்க விட்டுவிட்டேன். ஆறு மாதம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் மகளே. குயென்கா நகரத்தில் டாக்டரைப் பார்த்தாயிற்று, இடது காதுக்குக் கருவி வைக்கலாம் என்கிறார், அடுத்த மாதம் வந்துவிடும். அதுவரை ஆட்களை ஏற்றுவதில்லை, பால் கேன் மட்டும்தான். சோய்லாவுக்கு வேறு வண்டியும் சொல்லிவிட்டேன், அவள் கேட்காமல் தன்னையும் ஒரு கேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஏறி உட்காருகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நீ பார்த்துக்கொள்கிற பெரியவர்களைத் தூக்கும்போது முதுகைக் கவனித்துக்கொள், தனியாக இருக்கிறோம் என்று இரவு வேலையையும் சேர்த்து எடுக்காதே. கன்னி மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். அன்றைக்கு எனக்குக் காது கேட்டிருந்தால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை, மகளே. அழ வேண்டுமென்றால் அழு, நான் போனை வைக்க மாட்டேன்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
ரிகொபெர்த்தோ கிஷ்பி