பள்ளத்துக்கு அப்பால் நின்ற மான்

அண்ணை, இந்த இலையுதிர்காலத்தின் முதல் மான் இன்று காலை எங்கள் உணவகத்தின் பின்கதவால் வந்தது. தோலை உரித்துப் பார்த்தால் முன்தொடை முழுவதும் கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டிப்போயிருந்தது. வேகமான துப்பாக்கி ரவை, அதுவும் கிட்ட நின்று சுட்டிருக்கிறார்கள். கெட்ட இறைச்சியை வெட்டி எறிந்துகொண்டிருக்கும்போது, இரண்டு வருடமாக உங்கள் மனைவியிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயத்தை இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்ததும் மற்றவர்கள் ஊருக்கு டிக்கெட் போட்டார்கள். நீங்கள் வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கும்வரை இங்கே துவக்கு வைத்திருக்க விடமாட்டார்களே. வில் நகரத்தில் தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, மானின் பல்லைப் பார்த்து வயது சொல்வதை ஜெர்மன் மொழியில் பாடமாக்கினீர்கள். எங்கள் ஆட்கள் கோயிலில் வைத்துக் கேட்டார்கள், "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவர், இஞ்ச வந்து துவக்கு வாங்கிறாரோ?" உங்களுக்குக் கோபமே வரவில்லை. "வன்னிக் காட்டில மரைமான் சுட்டு வளந்தனான். சண்டை பிறகுதானே வந்தது" என்றீர்கள்.

உங்கள் பழைய துவக்கு எட்டு மில்லிமீற்றர். அதன் ரவையிலிருந்து பாயும் சன்னம் பாரமானது, போக்கு மெதுவானது, இறைச்சியைக் கெடுக்காது. இருநூறு மீற்றர் தாண்டினால் மட்டும் சன்னம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். ஆகவே நீங்கள் சரிவைச் சுற்றி நடந்து கிட்டப்போக வேண்டும். சண்டையில் எறிகணைச் செல் துண்டு பட்ட முழங்காலோடு நீங்கள் நொண்டி வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு துவக்கையும் தொட்டுப் பார்க்காத நான், இடைவேளையில் சமையலறை மேசையில் இருந்து கைபேசியில் எந்தச் சன்னம் எவ்வளவு தாழும் என்ற அட்டவணைகளை ஒப்பிட்டேன். ஏழு மில்லிமீற்றர் மாக்னம் என்ற வேகமான ரவை: முந்நூறு மீற்றரிலும் அவ்வளவாகத் தாழாது, காற்றும் அதிகம் தள்ளாது. பெரிய நிபுணன் மாதிரி உங்களுக்கு விளக்கினேன்.

"கிட்டப் போகாமல் சுடுறது சரியில்லையடா. மான் ஒரு அடி எடுத்து வைச்சால் குறி பிழைச்சிடும்."

"அண்ணை, அது அடி எடுத்து வைக்க முதல் சன்னம் போயிடும். உங்கட முழங்காலை யோசியுங்கோ."

வாங்கினீர்கள். புதுத் துவக்கு, புது ரவை, எல்லாம் நான் காட்டியதுதான்.

அந்த வருட இலையுதிர்காலத்தில், என் விடுமுறை நாளொன்றில், இறைச்சி சுமக்க உங்களோடு வந்தேன். பொழுதுபடும் நேரம், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மான் வந்து நின்றது. பழைய துவக்காக இருந்தால் அவ்வளவு தூரத்துக்கு நீங்கள் சுட்டிருக்க மாட்டீர்கள். சுட்டீர்கள். அது துள்ளி, பற்றைப் புதருக்குள் மறைந்தது.

மான் விழாவிட்டால் பொறுத்திருந்து, காயப்பட்டதைத் தேடப் பழக்கிய நாயோடு வருபவரைக் கூப்பிட வேண்டும், இருட்டுகிற நேரத்தில் தனியாக இறங்கக்கூடாது. பரீட்சையில் நீங்கள் சரியாக எழுதிய பதில் அது. நீங்கள் எழும்பிவிட்டீர்கள்.

"பொறுங்கோ அண்ணை. நாய்க்காரருக்குப் போன் அடிப்பம்."

"எவ்வளவு நேரம் அது கிடந்து துடிக்கும்? செல் பட்டு நான் கிடந்தனான். ரெண்டு நாள், வயலுக்குள்ள. ஆக்கள் போறது கேட்டது, ஒருத்தரும் கிட்ட வரேல்லை."

பிடித்து மறித்த உங்கள் கையை நான் விட்டேன். ஈரப்புல்லில் பாதித் தூரம் இறங்கியதும் உங்கள் முழங்கால் மடங்கியது. கீழே பாறையில் விழுந்த நீங்கள் பிறகு எழும்பவில்லை.

மறுநாள் நாய்க்காரர் மானைக் கண்டுபிடித்தார். மானுக்குச் சூடு பட்ட இடத்திலிருந்து இருபது அடிகூட இல்லை. சன்னம் நுரையீரலுக்குள்ளால் போயிருக்கிறது, சில விநாடியில் செத்திருக்கும் என்றார். நீங்கள் இறங்கத் தொடங்கும்போதே அதன் வேதனை முடிந்திருந்தது, அண்ணை. அதை உங்களுக்குச் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

செத்தவீட்டில் உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், என்னிடம் கேட்டார், "ஆர் தம்பி இவருக்கு அந்தப் புதுத் துவக்கைக் காட்டினது?" தெரியாது என்றேன். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருநாள் மரக்கறி, மருந்து என்று ஏதாவது வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் நல்லபிள்ளையாக வந்துகொண்டிருந்தேன்.

இன்று வேலை முடிந்ததும் போனேன். சப்பாத்தைக் கழற்ற முதலே, துவக்கைக் காட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "வாங்கின அண்டைக்கே சொன்னவர். 'தம்பி என்ர காலுக்காகப் பாத்துப் பாத்து எடுத்துத் தந்தவன்' எண்டு சந்தோசப்பட்டவர்."

"பின்ன ஏன் என்னட்டக் கேட்டனீங்கள்?"

"நீயும் அழுவாய், ரெண்டு பேரும் இருந்து அவரைப் பற்றிக் கதைக்கலாம் எண்டு நினைச்சன். நீ தெரியாது எண்டிட்டாய். பிறகு நான் ஆரோட கதைக்கிறது?"

அக்கா தேத்தண்ணி போட எழும்பவில்லை. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு முன்னால் போய் இருந்தேன். உங்கள் சாவைச் சுமக்க எப்படியோ பழகிவிட்டேன், அண்ணை. ஒவ்வொரு கிழமையும் நான் வந்துபோன பிறகு, கதைக்க ஆளில்லாமல் அக்கா அந்த வீட்டில் இருந்த இரண்டு வருடத்தை எப்படிச் சுமப்பது என்று தெரியவில்லை.