“இருங்க, வந்துடும்”

என் சுமதியக்காவுக்கு,

“லெட்டரா? ஒரு மிஸ்டு கால் குடுத்தா போதாதாடா அன்வரு?” என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரித்துக்கொள். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் நம் ஆபீஸ் இன்னும் இருக்கிறது. உன் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. உட்கார ஆளும் இல்லை, நான் ஒருவன்தான். நல்ல செய்தி எதுவும் கொண்டுவரவில்லை அக்கா. பஸ் வந்துச்சா என்று ஊர்சனம் கூப்பிட்டுக் கேட்கும் நம் ‘வந்துச்சா’ போன் லைனை நாளைக் காலையில் நிறுத்தப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரைத் தொடவிடாமல், தொண்டூர் ரோட்டில் நிழலே இல்லாத ஒரு ஸ்டாப்பில் என்னை இறக்கிவிட்டாய். போனையும் பிடுங்கிக்கொண்டாய். “அடுத்த பஸ்ஸப் புடிச்சு வாடா. அப்பதான் நாம இன்னா வேலை பண்றோம்னு புரியும்” என்றாய். இரண்டரை மணி நேரம் நின்றேன். பஸ் போய்விட்டதா, வரப்போகிறதா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்து சேர்ந்தேன். ஒரு கோலி சோடாவை உடைத்துக் கையில் கொடுத்து, “இதான்டா நம்ம கம்பெனி” என்றாய். அதற்குப் பிறகு வேறு வேலைக்குப் போகத் தோன்றவே இல்லை.

ஆப் செய்யலாம் என்றேன். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாய். ஒரே ஒரு நம்பர். கூப்பிட்டு ஊருக்கான எண்ணை அழுத்தினால் நீ பதிந்துவைத்த குரல் பேசும். பஸ் செஞ்சியிலிருந்து புறப்படும்போது கண்டக்டர் நமக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உடனே, “பஸ்ஸு கெளம்பிடுச்சு, ரோட்டுக்கு வாங்க” என்பாய். மிஸ்டு கால் வரவில்லை என்றால், “இன்னும் கெளம்பல. இருங்க, வந்துடும்.”

அந்த இடத்தில் ‘தகவல் இல்லை’ என்று வைக்கலாம் என்று நான் சொன்னேன். “அப்டிச் சொன்னா சனங்க இன்னாடா பண்ணும்? வந்துடும்னு சொல்லு. வரலன்னா நாம கேப்போம்” என்றாய். கேட்கவும் செய்தாய். ஐந்து நிமிடம் தாமதமானால் நீயே கண்டக்டரைக் கூப்பிடுவாய். அவர் மகளின் பரீட்சை, மாமியாரின் முட்டிவலி எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் பஸ் எங்கே என்பாய். நீ இருந்தவரை உன் ‘வந்துடும்’ பொய்யானதே இல்லை.

ஆறே நாள் காய்ச்சல். உன்னை எடுத்த அன்று அனந்தபுரத்திலிருந்து வந்திருந்தவர்கள், ஊர் திரும்பப் பழக்கதோஷத்தில் நம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நீ பேசினாய். சுடுகாட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்கள். நான் குரலை மாற்றிவிடுகிறேன் என்றதற்கு, “இருக்கட்டும் தம்பி, அது பேசட்டும்” என்றார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அங்கேதான் தப்பு செய்தேன்.

முதல் மாதம் பதினொரு கண்டக்டர்களும் உனக்காக மிஸ்டு கால் கொடுத்தார்கள். பிறகு ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் ரிடையர் ஆனார். புதிதாக வந்தவர்களிடம் போய் நின்றேன். “பாக்கலாம்பா” என்றார்கள். உனக்கு வந்த அந்தப் பேச்சு எனக்கு வரவில்லையே, என்ன செய்வேன்? இப்போது கொடுப்பது இரண்டு பேர்தான். மற்ற எல்லா ஊருக்கும், பஸ் போனாலும் போகாவிட்டாலும், நீ “இன்னும் கெளம்பல” என்றே சொல்லிக்கொண்டிருந்தாய்.

போன வாரம் தொண்டூர் பக்கத்திலிருந்து அஞ்சலையம்மா வந்தார். கணவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு நாள், உன் குரலைக் கேட்டுவிட்டு, வெயிலில் எதற்கு என்று அவரை வீட்டிலேயே உட்காரவைத்திருக்கிறார். பஸ் வந்து திரும்பியும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது, அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கி ஐசியூவில் சேர்க்கும்படி ஆனது. பிழைத்துவிட்டார். ஆனால் இன்னும் ஆள் பிடிக்காமல் நடக்க முடியவில்லை.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. “அந்தப் பொண்ணு சொன்னா சரியா இருக்கும்னு நம்பி இருந்துட்டேன் தம்பி. அது எங்க? அதுங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார். நீ இல்லை என்று நான்தான் சொன்னேன். “இன்னா தம்பி சொல்ற? காலைலகூடப் பேசுச்சே” என்றார்.

அன்றே அந்த ‘இன்னும் கெளம்பல’ வாக்கியத்தை எடுத்துவிட்டு ‘தெரியவில்லை’ என்று என் குரலில் வைத்தேன். இரண்டு பஸ்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ‘தெரியவில்லை’ என்று சொல்ல ஒரு லைன் எதற்கு? அதனால்தான் நிறுத்துகிறேன்.

உன் அம்மாவிடம் சொல்லப் போனேன். அவர் எந்தப் பஸ்ஸிலும் ஏறுவதில்லை, ஆனால் தினமும் ஏதாவது ஒரு ஊரை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். “அது பேசினதை என் போன்ல போட்டுக் குடுத்துடு” என்றார். “பஸ்ஸ விட்டுட்டு வேற எதுனா பேசியிருக்குதா? அம்மான்னு, சாப்டியான்னு?” இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் பதிவையும் கேட்டேன். ஊர் பெயர், கெளம்பிடுச்சு, கெளம்பல. வேறு ஒன்றும் இல்லை. இத்தனை ஊருக்குப் பேசிவைத்தவள், வீட்டுக்கு ஒரு வார்த்தை வைத்துவிட்டுப் போகக்கூடாதா அக்கா?

போய் அம்மாவிடம் இல்லை என்று சொன்னேன். “அப்ப அந்த வந்துடும்ன்றத மட்டும் போட்டுக் குடு. போதும்” என்றார். போட்டுக் கொடுத்தேன்.

அஞ்சலையம்மா கணவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாட்களில் காலையில் நானே பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். பஸ் கிளம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்வேன். இது உனக்குச் சத்தியம். மற்ற ஊர்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கண்ணால் பார்க்காமல் ‘வந்துடும்’ என்று இனி யாருக்கும் சொல்லமாட்டேன். உன் அம்மா கேட்டால்கூட.

நீ வெயிலில் நிறுத்திவைத்த உன் தம்பி,
அன்வர்