செவலைக்குத் தண்ணீரைக் குறைத்தேன், மச்சான்

மச்சான்,

கூடத்தைக் கழுவிவிட்ட பினாயில் வாசம் இன்னும் போகவில்லை. மருமகள் காலையில் கழுவினாள். பயப்படாதே, உன் நாய் செவலை ஒன்றும் செய்துவிடவில்லை. பேரன் பால் கக்கிவிட்டான், அதற்குத்தான். ஆனாலும் அந்த வாசம் மூக்கில் ஏறியதும் போன மாதம் நடந்ததெல்லாம் திரும்பி வந்துவிட்டது. உனக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். யாரையும் வைத்து எழுதவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வயசானவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. நீ போன பிறகு அதில் சேர்ந்தேன். எனக்கு பஸ் போர்டு படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று, அதுதான் காரணம். கரும்பு வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து வரும் சீட்டையும் நீதானே படிப்பாய். படித்துவிட்டு, "மாப்ள, நீ எழுத்துக் கத்துக்கிறதுக்குள்ள கட்டக் கரும்ப நாலு வெட்டு வெட்டிடலாம்" என்பாய். நாலு வெட்டு ஆகவில்லை மச்சான். ஒரு வெட்டுக்கான வருஷம் முடிவதற்குள் வந்துவிட்டது. ஒரு பக்கம் எழுத மூன்று காலை ஆகிறது என்பது வேறு விஷயம். எனக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் வந்து உட்காரும்போது வயலில் நாற்று நின்றதுபோல ஒரு சந்தோஷம்.

உன் காரியம் முடிந்த அன்றே செவலை என் பின்னால் நடந்து வந்துவிட்டது. அதன்பிறகு எட்டு மாதம் ஒரு குறை இல்லை. விடிந்ததும் வாசலின் மூன்று படியையும் இறங்கி, ரோட்டைத் தாண்டி, கருவேல மரத்தடிக்குப் போய்விட்டு வரும். பன்னிரண்டு வயசு நாய்க்கு இவ்வளவு சுத்தமா என்று தெருவே சொல்லும். உன் தங்கச்சிக்கு அதில் பெருமை. "எங்க அண்ணன் வளர்ப்பு" என்பாள், ஏதோ நீ அதைக் காலேஜுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது மாதிரி.

பங்குனியில் பேரன் தவழ ஆரம்பித்தான். அவனுக்காகக் கூடத்துக்கு வெள்ளை டைல்ஸ் போட்டோம். பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு காலையில் கூடத்தின் நடுவில் ஈரம். முதலில் பேரன்மேல்தான் பழி விழுந்தது. அவன் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த நாள் இரண்டு இடத்தில் ஈரம். மூன்றாம் நாள் சமையல்கட்டு வாசலில். செவலை மூலையில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும், திரும்பிப் பார்க்காது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "அண்ணன் நெனப்பு வந்துடுச்சு அதுக்கு" என்று உன் தங்கச்சி அழுதாள். புதுசாக ஒரு பிள்ளை வந்ததில் பொறாமை என்றாள் எதிர்வீட்டுக்காரி. நம் பையன் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "வயசாயிடுச்சுப்பா. புள்ள தவழுற தரை. நான் ஞாயித்துக்கெழம வந்து உடையார்பாளையத்துல என் மாமனார் முந்திரித் தோப்புல கட்டிட்டு வந்துடுறேன்."

கட்டிவிட்டு வருகிறானாம். நீ கடைசியாகப் பேச்சு நிற்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தானே. "செவலையக் கட்டிப் போட்டுடாத மாப்ள. அது கட்டுக்குப் பழகல." பன்னிரண்டு வருஷம் கயிறு அறியாத கழுத்து அது. தோப்பில் கட்டினால் ஒரு மாதம் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவனை அப்படிச் சொல்லவைத்தது மருமகள்தான், ஆனால் அவள்மேலும் குற்றம் சொல்ல முடியாது. பேரன் ஈரத்தில் கையை வைத்து, அதே கையை வாயில் வைத்ததை நானும்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் நிறுத்திக் காட்டிவிட வேண்டும் என்று நானே ஒரு வைத்தியம் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை என்ன? நாற்பது வருஷம் கரும்புக்குத் தண்ணீர் கட்டியது. கடைமடையில் நீர் வழிந்தால் நாம் என்ன செய்வோம்? மேலே போய் மடையை அடைப்போம். அதையேதான் செய்தேன். குழாயடியில் இருந்த அதன் தண்ணீர்ச் சட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டேன். காலையில் அரைச் சொம்பு, சாயங்காலம் அரைச் சொம்பு, அவ்வளவுதான். சித்திரை வெயில் வேறு. துணி துவைத்த தண்ணீர் ஓடிய இடத்தை அது நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பொறுத்துக்க, உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும் மச்சான்.

நிற்கவில்லை. இன்னும் அதிகமானது. சொட்டுச் சொட்டாக, மணிக்கு ஒரு தரம். வியாழக்கிழமை காலையில் வெள்ளை டைல்ஸ்மேல் லேசாகச் சிவப்பு தெரிந்தது. மருமகள் துடைக்க வந்தவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு உன் தங்கச்சியிடம் சொன்னாள். எனக்கும் கேட்டது.

"அத்த, இது சேட்ட இல்ல. எனக்கு ஆறாம் மாசத்துல நீர்க்கடுப்பு வந்துச்சுல்ல, உக்காந்தா எரியும், எந்திரிச்சா மறுபடியும் வர்ற மாதிரியே இருக்கும். அதேதான். பாவம், வாயில்லாத சீவன். மாமாவ இன்னைக்கே டவுனுக்குக் கொண்டுட்டுப் போவச் சொல்லுங்க."

அதைத் தோப்புக்கு அனுப்பச் சொன்னவளும் அவள்தான், ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவளும் அவள்தான்.

பெரம்பலூர் டவுன் பஸ்ஸில் ஏற்றப் பார்த்தேன். "பெருசு, எறங்கு. மனுசனுக்கே எடமில்ல" என்றான் கண்டக்டர். பிறகு ஊசி போட நாலு ஆடு ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ போனது. அதில் ஏறிக்கொண்டோம். ஆடுகள் நாலும் ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ள, செவலை நடுவில் நாட்டாமை மாதிரி உட்கார்ந்து வந்தது. வெகு நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

மாட்டு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. நம் மருமகள் வயசுதான் இருக்கும். கேள்வி கேட்டே என்னைக் களைக்க வைத்துவிட்டார். "குளமாட்டம் ஒரே தடவையா விடுதா, கொஞ்சங் கொஞ்சமாவா? தூங்கையில தெரியாம ஒழுகுதா, இல்ல எந்திரிச்சுப் போயி உக்காருதா? தண்ணி முன்னவிட அதிகம் குடிக்குதா? படி எறங்கக் கஷ்டப்படுதா? சில சமயம் எங்க இருக்கோம்னே தெரியாத மாதிரி நிக்குதா? வூட்டுல புதுசா என்ன மாறுச்சு?"

நான் எல்லாவற்றுக்கும் தலையைச் சொறிந்தேன். கடைசியில் என் வைத்தியத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, தண்ணிய ஏங்க குறைச்சீங்க? இது மூத்திரப்பையில புண்ணா இருந்தா, தண்ணி போனாத்தான் கழுவிக்கிட்டு வெளிய வரும். சர்க்கரையோ கிட்னிக் கோளாறோ இருந்தா, தண்ணியக் குறைச்சது உசுருக்கே வந்துடும். அது ஒழுகுதுன்னு பார்த்தீங்களே, ஏன் ஒழுகுதுன்னு பார்த்தீங்களா?"

அந்தக் கேள்வி செவலையோடு நிற்கவில்லை மச்சான். நேராக உன்னிடம் வந்து நின்றது.

உனக்கு நினைவிருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நீ போவதற்கு ஒரு வருஷம் முன்னால். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கினேன். நீ வேண்டாம் என்றாய். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அதுவும் வேண்டாம். உதடு வெடித்திருந்தது. நான் அத்தனை பேர் முன்னால், "மச்சானுக்குத் திருப்பி வாங்கித் தரணுமேன்னு பயம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். அதற்கப்புறம் நீ என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கூப்பிட்டால், "வேல இருக்கு மாப்ள" என்பாய். கோபம் என்று நினைத்தேன். ஒரு கேலிக்கு இவ்வளவா என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். இரண்டு தெரு தள்ளி இருந்தும், நீ படுக்கையில் விழுந்த பிறகுதான் வந்தேன்.

உன் வீட்டைச் சுத்தம் செய்தபோது பாய்க்கு அடியில் உரச்சாக்கைப் பிரித்துத் தைத்து விரித்திருந்ததைப் பார்த்தோம். கொடியில் ஒன்றுக்கு ஆறு வேட்டி காய்ந்தது. தரை ஈரத்துக்குச் சாக்கு விரித்திருப்பாய் என்று உன் தங்கச்சியிடம் சொன்னேன். டாக்டரம்மா எதிரில் நின்றபோதுதான் அது என்ன என்று தெரிந்தது. பஸ்ஸில் பாதி வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நீயே உன் தண்ணீரை அடைத்துக்கொண்டாய். என் வீட்டில் வந்து உட்கார்ந்து நனைத்துவிட்டால் என்ன ஆவது என்று வராமலே இருந்துவிட்டாய். அது கோபமே இல்லை. ஒரு வார்த்தை, "ஏன் மச்சான்?" என்று நான் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாயோ, மாட்டாயோ. கேட்கவாவது செய்திருக்கலாம்.

டாக்டரம்மா அன்றைக்கு ஊசி போட்டார். தண்ணீர் நிறைய வைக்கச் சொன்னார். மூன்று நாளைக்கு எப்போது, எங்கே, எவ்வளவு என்று கவனித்து வரச் சொன்னார். காலை மூத்திரத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வரவும் சொன்னார். "யாராச்சும் படிச்சவங்கள விட்டு எழுதிக் கொண்டாங்கய்யா" என்றார். "நானே எழுதுவேன் தாயி" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, அந்த நேரத்திலும்.

எழுதினேன். "காலை. கூடம். கொஞ்சம்." "மத்தியானம். படி ஓரம். கொஞ்சம். முனகல்." "சாயங்காலம். டைல்சில் கால் வழுக்கியது. படி இறங்கவில்லை." வகுப்பில் சார் போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதாமல், நானாக எழுதிய முதல் எழுத்து இதுதான். உன் தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரே எழுதப் படிச்சு லெட்டர் போடுது, இவரு நாய் மூத்திரத்துக்கு ஜாதகம் எழுதுறாரு" என்றாள். பாட்டிலுக்குப் பிடிக்க அவளுடைய குழிக்கரண்டியை எடுத்துக்கொண்டு விடிகாலையில் நான் செவலை பின்னாலேயே குனிந்து நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அந்தக் கரண்டி மறுபடி வீட்டுக்குள் வரவில்லை.

நோட்டையும் பாட்டிலையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். சர்க்கரை இல்லை. கிட்னியும் வயசுக்குத் தகுந்தபடி இருக்கிறதாம். மூத்திரப்பையில் புண். அதோடு இடுப்பு மூட்டில் வலி. புது டைல்ஸில் கால் நிற்கவில்லை, மூன்று படி இறங்கவும் பயம். போக வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம், போக முடியாத பயம் ஒரு பக்கம். நடுவில் இருந்தது கூடம். அவ்வளவுதான் மச்சான் காரணம். உன் நினைப்பும் இல்லை, பொறாமையும் இல்லை, சேட்டையும் இல்லை.

அதற்குள்ளேயே, முதல் ஊசி போட்ட அன்றே, மருமகள் போன் போட்டு, "ஞாயித்துக்கெழம கயிறு கியிறு எடுத்துட்டு வராதீங்க, மாத்திர வாங்கிட்டு வாங்க" என்று பையனிடம் சொல்லிவிட்டாள். மூன்று வாரம் மாத்திரை கொடுத்தோம். வாசல்வரை சாக்கு விரித்தோம். படி ஓரமாக ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டேன். வீட்டைச் சுற்றி நாலு இடத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். இப்போது கருவேல மரத்தடிக்கு மெதுவாகப் போய் வருகிறது. இனிமேல் எப்போதாவது நனைத்துவிட்டாலும் இந்த வீட்டில் யாரும் கத்துவதில்லை. முதலில் குனிந்து பார்க்கிறோம்.

செவலைக்குச் செய்த தப்பைத் திருத்த நாள் கிடைத்தது. உனக்குச் செய்ததற்குக் கிடைக்கவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் சும்மா சுமக்கவில்லை.

எங்கள் வகுப்பில் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். எப்போதும் வாசல் ஓரமாகத்தான் உட்காருவார். தண்ணீர்ச் சொம்பு சுற்றி வரும்போது தொடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். பாதி வகுப்பில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். படிப்பில் மனசில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நேற்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"அண்ணே, பின்பக்கம் கக்கூஸ் கதவு தொறந்தேதான் இருக்கு. நானும் நடுவுல ரெண்டு தடவ போயிட்டு வரேன். இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் சொம்பைக் கேட்டு வாங்கி அண்ணாந்து குடித்தார். மூச்சு விட்டுக்கொண்டு, மறுபடியும் குடித்தார்.

உன் மாப்பிள்ளை,
தன் கையால் எழுதியது.