கமாண்டிங் ஆபீசருக்கு நான் எழுதிய மனு

என் தங்கமே பாபு,

உன் இறப்புச் சான்றிதழ் வாங்க உன் ஆதார் கார்டு வேண்டும் என்றார்கள். அதைத் தேடித்தான் உன் பட்டாளத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கார்டு மேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு மூடியிருக்கலாம். அடியில் கிடந்த ஃபைலை ஏன் பிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லாம் விசாரணைக் காகிதங்கள். நாலாவது பக்கத்தில் நான் கைப்பட எழுதிய கடிதத்தின் நகல் இருந்தது. யாரோ எழுதியது என்றே ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் கீழே என் பெயரைப் பார்த்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் பத்திரிகையில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் வேலூர்ப் பக்கம் பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இது சகஜம். பணம் அனுப்பவில்லையா, பெண்டாட்டியோடு சண்டையா, உடனே கமாண்டிங் ஆபீசருக்கு ஒரு மனு. பெரியவர் கூப்பிட்டு நாலு வார்த்தை சொன்னால் பையன் வழிக்கு வந்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. நீ மூன்று பெண்களை வேண்டாம் என்றாய். நான்தான் ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீசில் நாள் முழுக்க இங்கிலீஷில் கடிதம் எழுதுகிற மேதாவி ஆயிற்றே! அம்மாவிடம்கூடச் சொல்லாமல் எழுதிப் போட்டேன்.

என்ன எழுதினேன்? தம்பி கல்யாணத்துக்கு மறுக்கிறான். லீவில் ஒரே நண்பனோடுதான் வருகிறான், அவனோடுதான் போகிறான், ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அந்த நண்பனை வேறு இடத்துக்கு மாற்றினால் இவனுக்குப் புத்தி வரும். சத்தியமாக எனக்கு அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. அந்தத் தட்டு வரிக்குக் கீழே யாரோ இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உன் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். நீ அந்த நண்பருக்குக் காதலோடு அனுப்பிய மெசேஜெல்லாம் வரிசையாக ஃபைலில் இருக்கிறது. ராணுவ வீரனுக்குத் தகாத நடத்தை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்களிடம் முட்டி போய்விட்டது, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்றாய். குடித்துவிட்டு ரகளை செய்தான், விரட்டிவிட்டார்கள் என்றது ஊர். அம்மா ஊர் சொன்னதை நம்பினாள். நானும்தான். தோல் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று சாப்பாட்டுக்கு நடுவில் உன் முகத்துக்கு நேரே கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துக்கா" என்று தட்டை நீட்டினாய். மனு போட்டது நான்தான் என்று அப்போதே உனக்குத் தெரியுமே! நாலு வருஷம் என் கையால் எப்படிடா சாப்பிட்டாய்? ஒரு நாளாவது என் மேல் பாய்ந்திருக்கக் கூடாதா?

உன் தோஸ்த்துக்குப் போன் செய்தேன். அவர் பெயரையும் ஊரையும் இங்கே எழுத மாட்டேன். இன்னும் சர்வீசில் இருக்கிறார், நான் எழுதிக் கெடுத்தது ஒருவனோடு போகட்டும். பாபு என்பதும் வேறு பெயர்தான், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் வந்தார். உன் காரியத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "தோஸ்த் செத்துட்டான்னு லீவு கேக்க முடியாதுக்கா. உனக்கு அவன் இன்னா உறவுன்னு கேப்பாங்க. வீட்ல வேலை இருக்குன்னு பொய் சொல்லிட்டுதான் இப்ப வந்தேன்" என்றார்.

அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே, "குடிக்காம இருந்திருந்தா இவனும் உன்ன மாதிரி இன்னும் பட்டாளத்துல இருந்திருப்பான் தம்பி. காய்ச்சல்ல போய்ச் சேர்ற ஒடம்பா அது? குடிதான் அரிச்சிடுச்சு" என்றாள். அவர் குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். "கோர்ட்டே இது குத்தம் இல்லைன்னு சொல்லிடுச்சே தம்பி?" என்று கேட்டேன்.

"அது வெளியிலக்கா. எங்களுக்குத் தனிச் சட்டம். உள்ள ஒண்ணும் மாறல."

"அப்போ உன்ன மட்டும் எப்படி விட்டாங்க?"

"எல்லாத்தையும் அவன் தலைமேல போட்டுக்கினான். என் தோஸ்த்துக்கு ஒண்ணுமே தெரியாது, நான்தான் தானா அனுப்பினேன்னு எழுதிக் குடுத்துட்டான். என்னை வேற எடத்துக்கு மாத்தினாங்க, அவ்ளோதான்."

நான் மனுவில் கேட்டதும் அதைத்தானே பாபு? கேட்டபடியே செய்து கொடுத்திருக்கிறார்கள்!

பஸ் வருவதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். "அந்த லெட்டரக் கிழிச்சிப் போடுடான்னு எத்தினியோ வாட்டி சொன்னேன்க்கா. மாட்டேன்னுட்டான். ஃபைல் பூரா எனக்கு எதிராதான் எழுதியிருக்குது, தங்கமான பையன்னு எங்க அக்கா மட்டும்தான் எழுதியிருக்குதுன்னான்."

பஸ் ஸ்டாப் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். என் தம்பி தங்கமான பையன், அவனை நல்லபடி பார்த்துக்கொள்ளவும். அந்த மனுவின் கடைசி வரி அது. ஆபீஸ் கடிதத்தை மரியாதையாக முடிக்கிற பழக்கத்தில் வந்து விழுந்த வரி. அதையா இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தாய்?

"என் பேரு வேணாம். அவன் குடிக்கலன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லுக்கா" என்று கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

அதை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அம்மா விட மாட்டாள். "அப்ப எதுக்குடி அனுப்பினாங்க? யாரு போட்டுக் குடுத்தது?" என்று கேட்பாள். ஒரு வாரமாக அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் பக்கத்தில் உட்காராமல் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் அச்சில் வந்து அடுத்தவர் வாயால் அவள் காதுக்குப் போகும் முன்னால் நானே சொல்லிவிடுவேன். உன் பிள்ளை ஒரு சொட்டுக் குடித்ததில்லை, ஒருவர் மேல் உயிராக இருந்தான், அதை எழுதிக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொல்வேன். அந்த ஒருவர் யார் என்று அவள் அடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் அவள் என் முகத்திலேயே விழிக்காமல் போனாலும் போகட்டும். இது உன் மேல் சத்தியம்.

உன் வாழ்க்கையை எழுதிக் கெடுத்தவள்,
ஆனாலும் உன் கூடப்பிறந்த
அக்கா