துவைக்காத புடவை

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதானே போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் விமானத்தில் ஒரு சின்னக் கூத்து. நடுவானில், முன்பக்கச் சமையலறையில் ஏதோ கருகும் வாடை வந்திருக்கிறது. வாடை போய்விட்டதா, தங்கள் மூக்குதான் பழகிவிட்டதா என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அப்படியானால் பின்பக்கத்தில் வேலை செய்யும் பணிப்பெண் ஒருவரை வரவழைத்து முகரச் சொல்வது எங்கள் வழக்கம். என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

முதல் வரிசைத் தாத்தா இருமினார். "நல்லா கருகுதேம்மா!"

தலைமைப் பணிப்பெண் அக்கா சுவரில் புறங்கையை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்தார். உள்ளே ஒயர் எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு அவசரமாக இறங்கினோம். எல்லோரும் பத்திரம்.

சளி என்று சமாளித்தேன். சளி இல்லை, அம்மா. நீங்கள் கொடுத்தனுப்பிய தைலம்கூட எரிகிறதே தவிர, மணக்கவில்லை.

நீங்கள் உடுத்திய புடவை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். சிரிக்காதீர்கள். அதில் உங்கள் வாசனையும் தெரியாவிட்டால் ஆபீசில் சொல்லிவிடுகிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்.

கீழே ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்றைக்கு முன்பக்கச் சமையலறை என் பொறுப்பு.

உங்கள் மகள்