‘உண்மைவிளம்பி’க்கு ஆத்தா எழுதுவது

சிவமயம்

காரைக்குடி
ஆவணி 9

அன்பு மகன் சோமுவுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன், அந்த அளவுக்குச் சுகம். நீயும் மீனாளும் கால்கரிக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஆபரேஷன் செய்த இடது கண் தெளிந்துவிட்டது, முழங்கால்தான் மாடிப்படி ஏற விடவில்லை. பக்கத்து வீட்டை ஹோட்டல் ஆக்கிவிட்டார்கள், வெள்ளைக்காரர்கள் வந்து நம் வாசல் கதவையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டாங்கட்டில் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாகிவிட்டது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் மறித்துப் பேசி என் வாயை அடைத்துவிடுவாய். என் வலைப்பூவில் எழுதினால் ஊர் படிக்கும். அதனால்தான் காகிதம். கடைசி வரி வரை படி. மீனாளிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் பாடு.

உன்னைப் பெற்ற அப்பச்சி பக்கவாதத்தில் விழுந்து இரண்டாம் வருஷம் நடக்கும்போது, செக்காலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சுபாதான் எனக்கு அந்த வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்தாள் என்று உனக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவரை ஒரு ஆளாக எப்படிப் புரட்டுவது, தலைக்கு எப்படி ஊற்றுவது, வாய் கோணிப்போனவருக்கு எப்படிச் சோறு ஊட்டுவது, இதைத்தான் எழுதினேன். முதல் மூன்று மாதம் ஈ காக்கை வரவில்லை. பிறகு ஒருவர் கேட்டார், இன்னொருவர் பதில் சொன்னார், அப்படியே நாற்பது பேர் சேர்ந்துவிட்டோம். எல்லோர் வீட்டிலும் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு ஆள். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள் என்று எண்ணிக்கொள்ளாதே. சாக்கோட்டையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற சந்திரலேகா முதன்முதலில் எழுதியதே என் தப்பைச் சொல்லத்தான். “ஆச்சி, நீங்க பாக்குற பக்குவத்தக் குறை சொல்லல, ஆனா புண்ணுல பவுடர் மட்டும் போடாதீக, ஈரத்த உள்ளயே கட்டி வச்சிரும். உப்புத்தண்ணி வச்சுத் தொடச்சுக் காத்தாட விடுங்க, நாலு நாள்ல எப்புடி இருக்குன்னு எழுதுங்க” என்று எழுதினாள். நான் நாலாம் நாள் எழுதினேன். அப்பச்சியின் இடுப்புப் புண் ஆறியது அவள் சொன்ன அந்த வார்த்தையால். ஆறிய புண்ணை நீ பார்த்தாய், அந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஒன்பது நாள் வந்து இருந்தாயே, அப்போது.

அப்பச்சி போனபிறகும் நான் எழுதுவதை நிறுத்தவில்லை, கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தை மாதம் உண்மைவிளம்பி என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். முதல் வரியே, கணவனின் பீத்துணியைக் கடைவீதியில் காயப்போடுகிற பத்தினி என்று. பதில் எழுதினேன், உங்கள் மனதைப் புண்படுத்தியது எது என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன் என்று. அதற்கு வந்தது, திருத்திக்கொள்ளும் வயசா உங்களுக்கு என்று. ஒவ்வொரு பதிவின் கீழும் வந்தார். என்னோடு நிற்காமல் பதில் எழுதியவர்களையும் ஒருவர் விடாமல் கிண்டலடித்தார். மதுரையிலிருந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் நின்றுவிட்டார். கோவைப் பெண் ஒருத்தி போகிறேன் ஆச்சி என்று கூடச் சொல்லாமல் போய்விட்டாள். சுபா அழித்துவிடலாம் என்றாள், நான்தான் யாரோ வீட்டில் யாரையோ பறிகொடுத்த வலி, கொட்டிவிட்டுப் போகட்டும் என்று தடுத்தேன். அது என் தப்பு. என் முகத்தில் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். என் வீட்டுக்கு வந்தவர்கள் முகத்தில் துப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு என்ன உரிமை.

ஆனிக் கடைசியில் என் கண் ஆபரேஷனுக்காக மதுரையில் ஐந்து நாள் இருந்தேன், போனைத் தொடக்கூடாது என்றுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒக்கூரிலிருந்து ராக்காயி என்ற பெண் முதல்தடவையாக எழுதியிருக்கிறாள். ஐந்தாவது வரை படித்தவள், மகளின் போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டியிருக்கிறாள். என் புருசன் வேல்பாண்டிக்கு கை கால் விழுந்துருச்சு, தண்ணி குடுத்தா விலுங்க முடியாம பொரை ஏறுது, என்ன செய்ய ஆச்சி, இவ்வளவுதான் எழுதியது. அதன் கீழே உண்மைவிளம்பி எழுதியிருந்ததை நான் திரும்ப எழுதித்தான் ஆகவேண்டும், நீ ஒருமுறை மையில் பார். “விலுங்க என்றால் என்ன பாஷை? முதலில் ஒன்றாம் வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டு வா. டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஆச்சி வீட்டு வாசலில் வந்து கேட்கும் கூட்டத்துக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.” அவள் அன்றைக்கே தன் கேள்வியை அழித்துவிட்டாள். அழித்தாலும் மெயிலில் எனக்கு ஒரு படி வந்திருந்தது. ஊர் திரும்பியதும் பதறிப்போய் பதில் போட்டேன், படுக்கவைத்துக் கொடுக்காதே, நிமிர்த்தி உட்காரவைத்து முகத்து நாடியை நெஞ்சுப்பக்கம் தாழ்த்திக் கெட்டிக் கஞ்சியாகக் கரண்டியில் கொடு, நாளைக்கே டாக்டரிடம் காட்டு என்று. கேட்டவள் இல்லாத இடத்தில் பதில் மட்டும் கிடந்தது.

பதினோரு நாள் கழித்து சந்திரலேகா போன் செய்தாள். சொந்தக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனவள் வார்டில் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள், அவள்தான் ராக்காயி என்று தெரிந்திருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா. ஆள் பிழைத்துவிட்டார். இப்போது மூக்கு வழியாகக் குழாய், வாயில் ஒரு மடக்குக் காப்பி கூடக் கிடையாது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அன்றைக்கே சுபாவிடம் போய், இந்த உண்மைவிளம்பி யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்றேன். பின்னூட்டம் போடுகிறவர்கள் கொடுக்கும் மெயில் முகவரி மற்றவர்களுக்குத் தெரியாது, வலைப்பூ வைத்திருப்பவருக்குத் தெரியும் என்று சொல்லித் திரையில் காட்டினாள். சோமு, நீ காலேஜில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் நான் என் கையால் எழுதிய உன் மெயில் முகவரி அது. சுபாவுக்கு ஒன்றும் தெரியாது, தெரிஞ்சவுகளா ஆச்சி என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் வீடு வந்துருச்சு, இறங்குங்க என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பங்குனியில் உண்மைவிளம்பி, அவருக்குச் சுரைக்காயே ஆகாது, அதைத்தான் தினமும் ஊட்டினீர்களா என்று எழுதியபோதே எனக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அப்பச்சிக்குச் சுரைக்காய் ஆகாது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். வேறு எதுவும் இறங்காததால் ஊட்டினேன், அவரும் என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். நீ கூட இருந்திருந்தால் அது உனக்குத் தெரிந்திருக்கும்.

போன வாரம் ஒக்கூர் போனேன். ராக்காயி என்னை உட்காரச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். எழுதியவன் என் மகன் என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன், திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவள் குழாயில் ஊற்றுகிற கஞ்சியை வடிகட்டிக்கொண்டே, “அதுல எந்த எழுத்து ஆச்சி தப்பா இருந்துச்சு? பிள்ளைககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு. சொன்னீகன்னா மாத்திக்கிருவேன்” என்றாள். நான் அவள் வீட்டு மருந்துச்சீட்டின் பின்பக்கம் ‘விழுங்க’ என்று எழுதிக் காட்டினேன். அவள் அதற்குக் கீழே மூன்று தடவை எழுதிப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. வேல்பாண்டி கட்டிலில் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் வார்த்தையால்தான் அவருக்கு அது வந்தது என்று நான் சொல்லமாட்டேன், எந்த டாக்டரும் சொல்லமாட்டார். பதில் கிடைத்திருந்தால் அவள் கரண்டியை எடுத்திருப்பாள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உன் கோபத்தில் ஞாயமே இல்லை என்றும் சொல்லவில்லை. அப்பச்சியின் உடம்பை நான் ஊருக்கு எழுதியது உனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன், இடது கையால் சரி என்று காட்டினார், ஆனால் உன்னிடம் கேட்கவில்லை. மகன் தூரத்தில் இருக்கிறான் என்று ஒரு பதிவில் எழுதினேனே, அது உன்னைச் சுட்டிருக்கும். ஆத்தா, இதை எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் சாப்பிட்டாயா ஆத்தா என்று கேட்டுவிட்டு, போனை வைத்த கையோடு முகமூடி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். தப்பென்று பட்டால் சொல், சந்திரலேகா சொன்ன மாதிரி சொல். முழுக்கப் படித்துவிட்டுச் சொல், எது தப்பு, அதற்கு என்ன மாற்று என்று சொல், உன் பெயரைப் போட்டுச் சொல். அந்த நாற்பது பேரும் ஒருவர் முகம் ஒருவர் பார்த்ததில்லை, எழுத்துத்தான் அவர்களுக்கு முகம், கை, கண்ணீர் எல்லாம். உனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் நிலைமை வந்ததே எனக்குக் கேவலமாக இருக்கிறது.

உண்மைவிளம்பியை அடைத்துவிட்டேன். இனி வருகிற ஒவ்வொரு பின்னூட்டத்தையும் நான் படித்த பிறகுதான் வெளியிடுவேன். மதுரை வாத்தியாருக்கு எழுதி அழைத்தேன், பதில் இல்லை. உன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை, ராக்காயியிடம் தவிர. வீட்டு மானத்துக்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைக்காதே, அந்தப் பெயர் அப்பச்சி தன் அய்யாவுக்காக உனக்கு வைத்தது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளையார்பட்டி அய்யன் துணையில் நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பெற்றவள் வயிறெரிந்து எழுதினாலும் இது மாறாது. ஒன்று மட்டும் மறவாதே. ஒக்கூர் முகவரி தனித்தாளில் வைத்திருக்கிறேன். ராக்காயிக்கு உன் சொந்தப் பெயரில், உன் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே, நான் எடுக்கமாட்டேன். நீளமாக எழுதாதே, கடினமான சொல் போடாதே, அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
விசாலம்